மதினியின் முப்பத்தேழாம் கிளாஸ் இஞ்சின்

மதினி எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டாள். மற்றவர்கள் கண்ணால் பார்ப்பார்கள், நாலு பேரிடம் விசாரிப்பார்கள், யோசித்துச் சொல்கிறேன் என்பார்கள். மதினி நடுவிரலை மடக்கி நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவாள். தலையை லேசாகச் சாய்ப்பாள். தீர்ப்பு வந்துவிடும். அப்பீல் கிடையாது.

தாராவியில் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் கோடவுன் இருந்தது. மும்பையில் உடைகிற வாளி, நாற்காலி, டிவிக் கூடு, மிக்ஸி மூடி எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஒரு வகையோடு இன்னொரு வகை கலந்து உருகினால் மொத்தச் சரக்கும் பாழ். அதனால் ஒவ்வொரு துண்டையும் தட்டி, சத்தத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். சத்தத்தில் சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீரில் போடுவார்கள். சில வகை மிதக்கும், சில வகை மூழ்கும். மதினியும் அவளிடம் வேலை பார்த்த ஆறு பெண்களும் காலையிலிருந்து சாயங்காலம் வரை தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

தொழிலில் தட்டியது போதாதென்று வெளியிலும் தட்டினாள். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் தரையில் குந்தி ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டுவாள். வீட்டுக்காரர் நெளிவார். தேவ்நாரில் எனக்குப் பெண் பார்க்கப் போயிருந்தபோது, காப்பி வருவதற்குள் எழுந்து போய் மூலையில் பளபளவென்று நின்ற புது பீரோவை ஒரு சுண்டு சுண்டினாள். "காலி" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். மெதுவாகச் சொன்னதாக அவள் நினைப்பு. பெண்ணின் அப்பா முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை. அந்தப் பெண்தான் இன்று என் மனைவி. பீரோ இப்போது நிறைந்து வழிகிறது. ஆனாலும் மதினி பேச்சை எடுத்தால் என் மனைவி அந்த 'காலி'யில்தான் ஆரம்பிப்பாள்.

அண்ணன், அதாவது என் பெரியப்பா மகன், தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தார். வாயே திறக்க மாட்டார். "இவரையும் தட்டிப் பாத்துத்தான் கட்டிக்கிட்டீங்களா மைனி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாக்காம இருப்பேனா? தட்டுனேன், சத்தமே வரல. சரி, சண்டை போடாத ஆளுன்னு கட்டிக்கிட்டேன்" என்றாள். அண்ணன் அதற்கும் சிரிக்க மட்டும்தான் செய்தார்.

அப்போது நான் செம்பூரில் ஒரு கம்பெனியில் பில் போடும் வேலையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமையானால் மதினி கை மீன்குழம்புக்காகத் தாராவிக்குக் கிளம்பிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்பு வாசனைக்குப் பதிலாகக் காஸ்டிக் சோடா வாசனையோடு மதினி வாசலில் நின்றாள். கையில் நீளமாக, பெட்டிபோல ஏதோ இருந்தது.

"கொழுந்தனாரே, இது என்னன்னு ஒம்ம போன்ல பாத்துச் சொல்லும். இத்தன வருசத்துல இப்பிடி ஒரு சத்தம் நான் கேட்டதில்ல."

மாட்டுங்காவில் ஒரு பழைய பங்களாவை இடிப்பதற்காகக் காலி செய்திருக்கிறார்கள். அங்கிருந்து வந்த மூட்டையில் இது இருந்திருக்கிறது. கோடவுனில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் துண்டானாலும் முதலில் காஸ்டிக் ட்ரம்மில் ஊற வேண்டும். அழுக்கும் லேபிளும் போனால்தான் சத்தம் சுத்தமாகக் கேட்கும். இதையும் வழக்கம்போல ட்ரம்மில் போட்டிருக்கிறாள். அரை மணி நேரம் கழித்து எடுத்துத் தட்டினால், கிண்ணென்று வெண்கலம்போலச் சத்தம்.

உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பிரிட்டனில் செய்தது என்று ஆங்கிலத்தில் அச்சு விழுந்திருந்தது. போனில் படம் எடுத்துத் தேடியதில் விஷயம் தெரிந்தது. இங்கிலாந்தில் ஓடிய டீசல் ரயில் இஞ்சின் ஒன்றின் மாடல் இது. மாடலின் மேல்கூடு மட்டும். இருபுறமும் மூக்கு நீட்டிக்கொண்டு, பன்னிரண்டு சக்கரத்தில் ஓடும் இஞ்சின். கிளாஸ் முப்பத்தேழு என்று அதற்குப் பெயர்.

"முப்பத்தேழாங்கிளாஸா? நானே அஞ்சாங்கிளாஸோட நின்னுட்டேன்" என்றாள் மதினி. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் சும்மா இருக்காமல் நிஜ இஞ்சினின் படத்தைக் காட்டினேன். கரும்பச்சை உடம்பு, மூக்கில் மஞ்சள். மதினி படத்தைப் பார்த்தாள். கையில் இருந்த வெளிறிப்போன நீலக் கூட்டைப் பார்த்தாள். பிறகு எட்டி ட்ரம்மைப் பார்த்தாள். தண்ணீர் பச்சையாக இருந்தது.

"இந்தப் பச்சையும் மஞ்சளும் இதுல இருந்ததா?"

"இருந்திருக்கும் மைனி."

"நானா கழுவுனேன்?"

அன்று மீன்குழம்பில் உப்பு இல்லை. யாரும் சொல்லவும் இல்லை. பெயிண்ட் கடையில் கொடுத்துத் திரும்பப் பூசிக்கொள்ளலாமே என்று அடுத்த வாரம் சொன்னேன். "பூசுனா நான் செஞ்சது மறைஞ்சிரும், அவ்வளவுதான். செஞ்சது செஞ்சதுதான?" என்றாள். அப்படியே வெறும் உடம்போடு டிவிக்கு மேலே இருந்த பலகையில் வைத்தாள். மறுநாளே கோடவுனில் சட்டம் போட்டாள். சன்னல் வைத்த எதுவும், மூக்கு வைத்த எதுவும் அவள் கண்ணில் படாமல் ட்ரம்முக்குப் போகக் கூடாது.

அப்படி ஆரம்பித்ததுதான். சில வருஷத்தில் பலகையில் பதினொரு இஞ்சின் சேர்ந்துவிட்டது. பழைய பொம்மை மூட்டை எந்தக் கடையில் விழுந்தாலும் மதினிக்குத் தகவல் வந்துவிடும். எட்டு அச்சு, பதினாறு சக்கரம் உள்ள கிளாஸ் நாற்பதுக்கு அவள் வைத்த பெயர் விசில்காரன். நிஜ இஞ்சின் போகும்போது விசிலடிப்பதுபோலச் சத்தம் வரும் என்று நான் படித்துச் சொல்லியிருந்தேன். ஒரு முனையில் மட்டும் டிரைவர் அறை உள்ள கிளாஸ் இருபது, ஒத்தவாசல். ரயில் பெட்டிகளை இங்குமங்கும் தள்ளிவிடும் கிளாஸ் எட்டு, குட்டையன். ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தட்டினால் எது விசில்காரன், எது குட்டையன் என்று சரியாகச் சொல்லிவிடுவாள்.

"நீராவி இஞ்சின் சேக்கக் கூடாதா? அதுதானே அழகு" என்று கேட்டேன்.

"அத ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூட படம் போடும். பொகை விட்டா போதும்லா. இதுகளுக்கு மூஞ்சி இருக்கு, பாத்தீரா? ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி மொறைக்கும்."

அவளுக்கு ஒரே ஒரு குறை. பதினொன்றில் ஒன்றுகூட ஓடாது. எல்லாமே மேல்கூடு மட்டும்தான். தாராவியில் பிளாஸ்டிக் ஒரு தெரு, இரும்பு ஒரு தெரு. பொம்மை முதலில் இரும்புக்காரன் கைக்குத்தான் போகும். மோட்டாரில் இருக்கிற செம்புக்காக அடிப்பாகத்தை உருவிக்கொண்டு, மிஞ்சிய கூட்டைத்தான் மதினிக்கு அனுப்புவான். அவள் இரும்புத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒரு சக்கரம்கூடக் கிடைக்கவில்லை. பதினொன்றையும் தீப்பெட்டி மேல் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தாள்.

"ஒரே ஒரு தடவ, இதுல ஒண்ணு ஓடுறதப் பாத்துரணும் கொழுந்தனாரே" என்பாள். நகை கேட்டதில்லை. ஊரில் வீடு கட்டணும் என்று கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான்.

மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாடல் ரயில் கண்காட்சி என்று போனில் பார்த்ததும் மதினியிடம் சொன்னேன். உடனே கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டினாள். முப்பத்தேழாம் கிளாஸைத் துண்டில் சுற்றி டிபன் கேரியர் பையில் வைத்துக்கொண்டாள். அண்ணனும் கூட வந்தார்.

மண்டபத்தின் நடுவே பெரிய மேஜை. அதன்மேல் மலை, பாலம், ஸ்டேஷன், சுற்றிச் சுற்றித் தண்டவாளம். அதில் ஓடுகிற ஒவ்வொரு இஞ்சினையும் மதினி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். ஒரு பிளாட்பாரத்தில் கரும்பச்சையில் மஞ்சள் மூக்கோடு ஒரு முப்பத்தேழாம் கிளாஸ் நின்றது. அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

அது சங்கத் தலைவருடையது. எழுபது வயது இருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்த பேச்சு. பல வருஷத்துக்கு முன்னால் லண்டனிலிருந்து வரவழைத்தாராம். மதினி பையிலிருந்து தன் கூட்டை எடுத்து, பம்பாய் ஹிந்தியில் பணிவாகவே கேட்டாள். இரண்டும் ஒரே அளவு. மோட்டாரும் சக்கரமும் உள்ள உங்கள் அடிவண்டியில் என் கூட்டை மாட்டி ஒரே ஒரு சுற்று ஓட்டிக்காட்ட முடியுமா?

தலைவர் கூட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பெயிண்ட் இல்லை, நம்பர் இல்லை, நிறமும் கம்பெனி நிறம் இல்லை.

"யே காப்பி ஹை, மேடம்."

யாரோ அசலை வைத்து அச்செடுத்து ரெசின் என்ற பிசினை ஊற்றிச் செய்த நகல் இது, எங்கள் தண்டவாளத்தில் நகலை ஓட்ட விடுவதில்லை என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. போய்விடலாம் மைனி என்று முந்தானையை இழுத்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் கூட்டை ஒரு சுண்டு சுண்டினாள். கிண். பிறகு, யார் என்ன என்று உணர்வதற்கு முன்னால், குனிந்து பிளாட்பாரத்தில் நின்ற தலைவரின் பச்சை இஞ்சினையும் ஒரு சுண்டு சுண்டினாள்.

தொப்பென்று கேட்டது.

மதினி தலையைச் சாய்த்தாள். அந்தச் சாய்ப்பு எதில் போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

"மேரா வாலா அஸ்லி ஹை. ஆப்கா காப்பி ஹை" என்றாள். என்னுடையது அசல், உங்களுடையதுதான் நகல்.

மண்டபமே நின்றுவிட்டது. ஒருவர் சிரித்தார். இன்னொருவர், இந்தம்மாவை உள்ளே விட்டது யார் என்று கேட்டார். தலைவர் கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினார். அவர் காது சிவந்திருந்தது. விரலால் சுண்டிச் சொல்வதெல்லாம் சாட்சியா என்றார்.

"காது பொய் சொல்லும்னா தண்ணி சொல்லட்டும். ஒரு வாளியும் உப்பும் குடுங்க" என்றாள் மதினி. அவர் மூழ்கினால் அவர் நகல், நான் மூழ்கினால் நான் நகல், சத்தம் போடாமல் வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றும் சொன்னாள்.

தலைவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, அவர் பெருந்தன்மையைச் சொல்லியே ஆக வேண்டும், தன் கையாலேயே இஞ்சினை எடுத்து மேல்கூட்டை அடிவண்டியிலிருந்து கழற்றினார்.

நான் சமையல்கட்டுக்கு ஓடினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. உப்புப் பாக்கெட்டை எடுத்ததும் சமையல்காரர், "ஓய், ரசத்துக்குன்னா வச்சிருக்கேன்! எங்கே தூக்கிண்டு போறேள்?" என்று கரண்டியோடு பின்னாலேயே வந்தார். வந்தவர் கூட்டத்தைப் பார்த்ததும் ரசத்தை மறந்து அங்கேயே நின்றுவிட்டார்.

மதினி தரையில் குந்தினாள். பர்ஸைத் திறந்து இரண்டு துண்டுகளை எடுத்தாள். ஒன்று ஃபிரிட்ஜின் உள்பக்கத்து வெள்ளைத் துண்டு, இன்னொன்று தண்ணீர்க் குழாய்த் துண்டு. அவள் கோடவுனில் தண்ணீருக்கு உப்பு பார்ப்பது இவற்றை வைத்துத்தான். வெறும் தண்ணீரில் இரண்டையும் போட்டாள். இரண்டும் மூழ்கின. உப்பைக் கொட்டிக் கையாலேயே கலக்கினாள். இன்னும் கொஞ்சம் கொட்டினாள். ஃபிரிட்ஜ் துண்டு தயங்கித் தயங்கி மேலே வந்தது. குழாய்த் துண்டு அடியிலேயே கிடந்தது. "இப்ப சரி. அசல் பிளாஸ்டிக் மெதக்கும், ஊத்துன நகல் கனம், முங்கிரும்" என்றாள்.

முதலில் தன் கூட்டை விட்டாள். மிதந்தது. உள்ளே காற்று இருக்கிறது, அதனால்தான் என்று ஒருவர் சொன்னார். நியாயமான பேச்சுதான். மதினி கூட்டை முழுக்க அமுக்கி, உள்ளே தலைகீழாகத் திருப்பினாள். கொப்புளம் எல்லாம் வெளியேறியது. கையை விட்டாள். கூடு தானாகவே மேலே வந்து நின்றது.

அடுத்து தலைவரின் பச்சைக் கூடு. மதினி தொடவில்லை, அவரையே விடச் சொன்னாள். அவர் குனிந்து, தண்ணீருக்குள் திருப்பி, காற்று போனதும் விரல்களை எடுத்தார். பச்சைக் கூடு அவசரப்படாமல் போய்க் குழாய்த் துண்டின் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

அந்த மனிதரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. எத்தனை வருஷம் தினமும் தூசி தட்டி வைத்திருப்பார். யாரோ ஒரு வியாபாரி, உடைந்துபோன அசல் கூட்டை எடுத்துவிட்டு நகலை மாட்டி அவர் தலையில் கட்டியிருக்கிறான். மதினியும் வெற்றி முகம் காட்டவில்லை. தண்ணீருக்குள் கை விட்டுப் பச்சைக் கூட்டை எடுத்து, தன் பட்டு முந்தானையால் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

"அடிவண்டி அஸ்லி ஹை, அங்கிள். நீங்க கழட்டும்போதே சத்தம் கேட்டேன்" என்றாள்.

தலைவர் அவளையே பார்த்தார். பிறகு அடிவண்டியைத் தண்டவாளத்தில் வைத்து, மதினி கையிலிருந்த ஈரக் கூட்டைத் தானே துடைத்து, அதன்மேல் வைத்து அமுக்கினார். டக்கென்று உட்கார்ந்தது. மயிரிழை இடைவெளி இல்லை.

மேஜை ஓரத்தில் இருந்த வேகக் குமிழைத் திருகினார். முப்பத்தேழாம் கிளாஸ் ஒரு உதறு உதறிவிட்டு நகர்ந்தது. வெறும் உடம்போடு, பெயிண்ட் இல்லாமல், நம்பர் இல்லாமல் பாலத்தில் ஏறியது. மலையைச் சுற்றியது. எல்லோரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். மதினி பட்டுச் சேலையோடு குனிந்து மேஜை மேல் ஒரு பக்கக் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கன்னத்துக்குப் பக்கத்திலேயே இஞ்சின் கடந்து போனது. வாயே திறக்காத அண்ணன், "ஓடுதுட்டி!" என்று மண்டபம் அதிரக் கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்க நான் ஒன்றும் செய்யவில்லை.

ஒரு இஞ்சினுக்கு மூன்று சுற்று என்பது அங்கே கணக்கு. மூன்று முடிந்ததும் குமிழுக்கு யாரோ கை நீட்டினார்கள். தலைவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். பரிசு கொடுத்து, நன்றி சொல்லி, ரசம் தாமதமாக வந்து எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் வரை அது ஓடிக்கொண்டே இருந்தது.

கிளம்பும்போது தலைவர் தன் லண்டன் அட்டைப்பெட்டியில் இஞ்சினை முழுசாக வைத்து மதினியிடம் கொடுத்தார். அடிவண்டி உங்களுடையதல்லவா என்று மதினி பதறினாள். மேல்கூடு இல்லாத அடிவண்டியை வைத்து நான் என்ன செய்வது என்றார் அவர். பச்சை நகலை ஏற்கனவே தன் தோள்பைக்குள் செருகியிருந்தார். மதினிக்குச் சும்மா வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. "ஒங்க அலமாரில மிச்சம் இருக்கதயும் ஒருநா வந்து தட்டிப் பாத்துச் சொல்லுதேன்" என்று சொல்லி, அதையே என்னை நல்ல ஹிந்தியில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். மனிதர் அவசரமாகக் கைகூப்பி, வேண்டவே வேண்டாம் என்றார். அப்போதுதான் அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். அண்ணனும் நானும் கம்பியைப் பிடித்துத் தொங்கினோம். மதினிக்கு மட்டும் சீட் கிடைத்தது. மடியில் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்து வைத்திருந்தாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், அப்படி என்ன அதில் என்று கேட்டார்.

"இஞ்சின்" என்றாள் மதினி.

அவர் சிரித்துவிட்டார். ஓடுகிற நிலையில் இருக்கிறதா என்று விளையாட்டாகக் கேட்டார். "சாலூ ஹை க்யா?"

"சாலூ ஹை!" என்றாள் மதினி. பஸ்ஸில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.